பதினொரு தண்டு

இன்று காலை தோட்டத்தில் ஆஸ்பரகஸ் அறுவடை. இளந்தண்டையே சாப்பிடும் காய்கறி இது. மொத்தம் 11 தண்டு. சிரிக்காதீர்கள், இதற்காக இரண்டு வருடம் காத்திருந்தவன் நான்.

டொராண்டோவில் பனி விலகியதும் கொல்லைப்பக்கம் முக்கால் அடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினேன். நடுவில் மண்ணைக் குவித்து, அதன்மேல் வேர்க்கட்டையைச் சிலந்தி கால் பரப்பி உட்கார்ந்த மாதிரி வைக்க வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்று. ஒரேயடியாக மூடிவிடக் கூடாது, முளை உயர உயர மண் அணைக்க வேண்டும். ரகம் மில்லினியம், இங்கே குவெல்ஃப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. குளிர் தாங்கும்.

அப்புறம்தான் சோதனை. முதல் இரண்டு வருடம் கை வைக்கக் கூடாது. தண்டு வளர்ந்து, பஞ்சு மாதிரி விரிந்து, வேருக்குச் சாப்பாடு சேர்க்க வேண்டுமாம். கத்தியோடு போய் வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு.

ஊரிலிருந்து வந்த அம்மா அந்தப் பச்சையைப் பார்த்து, "ஏண்டா, இது நம்ம தண்ணீர்விட்டான் கொடி மாதிரியே இருக்கே?" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் இரண்டும் ஒரே பேரினம். பள்ளிக்கூடத்தில் தாவரவியல் படித்தது நான், கண்டுபிடித்தது அம்மா!

இந்த வருடம் மூன்று வாரம் மட்டும் அறுப்பேன். மிச்சத்தை விட்டுவிட வேண்டும். சரியாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடம் காய்க்கும், இல்லை, முளைக்கும்.

தேங்காய் போட்டுப் பொரியல் செய்வதாகத் திட்டம். சட்டி காய்வதற்குள் மகன் ஏழு தண்டைப் பச்சையாகவே தின்றுவிட்டான்.