மெட்ராஸ் டெரஸ் வீட்டில் வயரிங் மாற்றியபோது

மரச் சட்டத்தில் கிளிப் அடித்து ஓட்டிய பழைய ரப்பர் வயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஹோல்டரைக் கழற்றி லேசாக வளைத்தால் உறை பொரிந்து உதிரும். பல்பின் சூடு படும் முனைதான் முதலில் போகும். அங்கே டேப் சுற்றினால், சுற்றும்போதே பக்கத்தில் விரிசல் விடும். அதனால் மொத்தமாகக் கழற்றினோம்.

மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையில் காடி (பைப்பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டவே கூடாது. மர உத்தரத்தின் பக்கவாட்டிலேயே பைப்பை ஓட்டினோம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் படுக்கை வாட்டில் வெட்டினால் சுவர் பலமிழக்கும். செங்குத்தாக மட்டும் வெட்டலாம்.

எல்லாம் செம்புக் கம்பி: லைட், ஃபேனுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4. கரன்ட் அளவு மீறினால் தானே விழும் எம்சிபி சுவிட்ச் முறையே 10, 16, 20 ஆம்பியர். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று 1.5 வயருக்கு 32 போட்டால், எம்சிபி விழுமுன் வயர் எரியும். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் வயர் திணிக்கக் கூடாது. பைப்புக்குள் ஜாயின்ட்டும் கூடாது.

அதிகத் தகராறு கரன்ட் திரும்பும் வயரான நியூட்ரலில்தான். பழைய வயரிங்கில் இரண்டு மூன்று சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் ஓடும். அதில் ஒரு சர்க்யூட்டை மட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (போகிற, திரும்புகிற கரன்டில் வித்தியாசம் வந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) வழியாகக் கொண்டுபோனால், போகிற கரன்டும் திரும்புகிற கரன்டும் பொருந்தாது. லைட் போட்டவுடன் விழும். ஆர்சிசிபி பழுதென்று கழற்றிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் இழுத்து, அந்தந்த எம்சிபியின் எண்ணையே அதற்கும் ஒட்டினோம்.

எர்த்துக்குப் பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயை நம்பியிருப்பார்கள். குழாய் பிவிசியாக மாறிய அன்றே எர்த்தும் போயிருக்கும். மண்ணில் இரண்டரை மீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் இறக்கி, ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை வயர் கொடுத்தோம். எர்த் இல்லாவிட்டால், ஃபிரிட்ஜ் உடம்பில் கசிவு வந்தாலும் ஒருவர் தொடும்வரை ஆர்சிசிபிக்குத் தெரியாது.

சப்ளை கொடுக்குமுன் பல்பு, ரெகுலேட்டர், ஆர்சிசிபி எல்லாம் விலக்கி, 500 வோல்ட் மெகரில் (வயர் உறையின் காப்பை அளக்கும் கருவி) பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றோடொன்று சோதிக்க வேண்டும். ஒரு மெகா ஓம் குறைந்தபட்சம். புது வயர் அதைவிடப் பல மடங்கு காட்டும். காட்டாவிட்டால் ஆணி துளைத்திருக்கும், அல்லது பாக்ஸில் ஈரப்பூச்சு இருக்கும். பாக்ஸைத் திறந்து காயவிட்டு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் ஏறாவிட்டால் அந்தத் துண்டு வயரை உருவிப் புதிதாக இழுப்பதுதான் வழி.