பரிசளிப்பு விழாத் தட்டு

பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் என்ன பேசினார் என்று கேட்டால் நம்மில் ஒருவருக்கும் ஞாபகம் இராது. மண்டபத்துக்கு வெளியே நீட்டிய தட்டு மட்டும் மறக்காது: ஒரு கட்லட், ஒரு துண்டு கேக், கதலி வாழைப்பழம், பீற்றூட்டும் முட்டையும் வைத்த முக்கோணச் சான்ட்விச். இப்போது பழைய மாணவர்களின் ரொறன்ரோ ஒன்றுகூடலுக்கும் லண்டன் ஒன்றுகூடலுக்கும் எல்லாவற்றையும் கடையில் சொல்லித்தான் எடுக்கிறோம். கட்லட்டும் றோல்ஸும் அப்படி வரட்டும். சான்ட்விச்சை வீட்டில் செய்யுங்கள். பெட்டியில் நெடுநேரம் கிடந்தால் அது ஊறிக் கிழிந்துவிடும்.

24 முக்கோணத்துக்கு 18 துண்டு பாண், 120 கிராம் பட்டர், 5 முட்டை, 300 கிராம் பீற்றூட் வேண்டும். பாண் முந்தின நாளையதாக இருக்கட்டும், புதுப்பாண் கத்தி பட்டவுடன் நசியும். பீற்றூட்டைத் தோலோடு, வால் நறுக்காமல் அவியுங்கள். நறுக்கி அவித்தால் நிறம் தண்ணீரோடு போய்விடும். ஆறியபின் தோலுரித்துத் துருவி, மெல்லிய துணியில் கட்டி இறுகப் பிழிய வேண்டும். இந்த இடத்தில் சோம்பல்பட்டால் பாண் முழுக்கச் சிவந்து ஊறும். பிழிந்த பிறகுதான் உப்பு, மிளகுதூள், சில துளி தேசிக்காய்ப்புளி. முட்டையை 10 நிமிடம் அவித்து, பச்சைத் தண்ணீரில் போட்டு ஆறவிட்டு, மிளகுதூளும் கொஞ்சம் மயோனேஸும் சேர்த்து மசியுங்கள். மயோனேஸ் கூடினால் வெட்டும்போது ஓரத்தால் பிதுங்கும்.

மூன்று துண்டு பாண் ஓர் அடுக்கு. கீழே பீற்றூட், மேலே முட்டை. பாணில் கலவை படும் பக்கமெல்லாம் பட்டர் ஓரம்வரை பூச வேண்டும், நடுத் துண்டுக்கு இரு பக்கமும். பட்டர் ருசிக்கு மட்டுமல்ல, ஈரத்தை மறிப்பதும் அதுதான். கரை வெட்டுவது கடைசியில்: அடுக்கி, ஈரத்துணியால் மூடி, அரை மணிநேரம் குளிரூட்டியில் வைத்து, பிறகு கரையை நீக்கி நாலாக வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்காவிட்டால் முட்டையில் சிவப்புக் கோடு விழும்.

கட்லட்டையும் வீட்டில்தான் செய்வேன் என்பவர்களுக்கு: எண்ணெயில் அது வெடிப்பதற்குக் காரணமும் பெரும்பாலும் ஈரந்தான். 425 கிராம் ரின் மீனை நன்றாக வடித்து, 400 கிராம் உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து மசித்து, வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் தண்ணீர் வற்ற வதக்கிச் சேர்த்தால் உருண்டை உடையாது. முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் உருட்டி, நன்கு காய்ந்த எண்ணெயில் ஐந்தைந்தாகப் போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் எண்ணெய் சூடிறங்கி, கட்லட் எண்ணெய் குடிக்கும்.

அந்தத் தட்டில் சூப் இருந்ததில்லை. பனிக்கால ஒன்றுகூடலுக்கு வருபவர்கள் கோட்டைக் கழற்றுமுன் கையில் கொடுக்க அதைவிட நல்லது வேறில்லை. ஆறு கோப்பைக்கு 100 கிராம் மைசூர்ப் பருப்பு, 2 கரட், ஒரு லீக்ஸ், ஒன்றேகால் லீற்றர் தண்ணீர். லீக்ஸை நெடுக்காகப் பிளந்து கழுவுங்கள், மடிப்புக்குள் மண் இருக்கும். பருப்புக் கரைய அரை மணிநேரம் போதும். தேசிக்காய்ப்புளியை அடுப்பை அணைத்தபின் விடுங்கள்; முதலிலேயே விட்டால் பருப்பு கரையாமல் நிற்கும்.