மச்சானை இந்தியன் என்றார்கள்

என் அத்தை மகன் ஐரோப்பாவில் புகலிடம் கேட்டான், நிராகரித்துவிட்டார்கள். அது பலருக்கும் நடப்பதுதான். ஆனால் இவனுக்குச் சொன்ன காரணம் புதிது: விண்ணப்பதாரர் இலங்கையர் அல்ல, இந்தியர், இந்தியாவுக்கே திருப்பி அனுப்பலாம். கடிதத்தை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, "மச்சான், நீங்கதான் ஏதாச்சும் செய்யணும்" என்றான். நீலகிரியில் சேரம்பாடியில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன செய்ய என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இங்கிருந்தே நிறையச் செய்ய முடிந்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இதே மாதிரிக் குடும்பங்கள் உண்டு என்பதால் எழுதி வைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தைப் பிரித்தது 1964 அக்டோபரில் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவிலிருந்து பெரும்பாலும் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வழியில் வந்து, இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. (1974-ல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள்.) தாத்தா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக டான்டீ (தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்ட வேலைக்கு வந்து சேர்ந்தார். அத்தைக்கு அதற்குள் கல்யாணமாகிவிட்டது. மாமா வீட்டோடு இலங்கைப் பிரஜையானார். 1977-ல் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு அவர்கள் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சி, தர்மபுரம் போய்க் குடியேறினார்கள். மச்சான் பிறந்தது அங்கேதான். 2009-ல் முள்ளிவாய்க்கால் வரை ஓடியதில் அடையாள அட்டை உட்பட எல்லாமே போய்விட்டது.

விமான நிலையத்தில் முதல் விசாரணை. மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர், இவன் பேசுவது தோட்டத்துத் தமிழ். "இந்தியத் தமிழ் மாதிரி இருக்கிறது" என்று அவர் போகிறபோக்கில் சொன்னதை அதிகாரி எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த கேள்வியெல்லாம் அந்த ஒரு வரியைச் சுற்றித்தான். ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டதற்குக் காமன் கூத்து என்றான், மன்மதன் கதையை ஆடுவது. அதையும் இந்திய வழக்கம் என்றே பதிந்தார்கள். மலையகத்தில், அதாவது இலங்கையின் மலைநாட்டுத் தோட்டங்களில், தலைமுறை தலைமுறையாகக் காமன் கூத்து ஆடுகிறார்கள் என்று அங்கே யார் சொல்வது?

முன்னாலேயே முடிவு கட்டிவிட்டுத்தான் கேட்டார்கள் என்கிறான் மச்சான். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனுடைய வக்கீலம்மா மேல்முறையீட்டு மனுவில் பாரபட்சம் என்று எழுத ஒப்பவில்லை. அவர்கள் மனதில் இருந்ததை நிரூபிக்க முடியாது, பதிவில் இருப்பதைப் பிடித்துக்கொள்வோம் என்றார். பதில்களைத் திரும்ப வாசித்துக் காட்டாமலே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மொழிபெயர்க்க வந்தவரின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக எடுத்திருந்தார்கள். இந்த இரண்டையும் முன்னால் வைத்தார். கூடவே, பேச்சை வைத்து நாட்டை முடிவு செய்வது பற்றி 2004-ல் மொழியியலாளர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலையும் இணைத்தார். பேச்சு ஒருவர் வளர்ந்த சமூகத்தைக் காட்டலாம், குடியுரிமையைக் காட்டாது என்பது அதன் சாரம்.

என்னிடம் கேட்டது காகிதம். அப்பாவின் டிரங்குப் பெட்டியில், கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. தாத்தா, பாட்டி, அப்பா, சித்தப்பா பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அத்தை பெயர் இல்லை. அந்த இல்லாத பெயர்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

அட்டைக்கு அடியில் அத்தை போட்ட கடிதங்கள். நீல நிற ஏர் லெட்டர், மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டிய இடம் பழுப்பாகிப் போனவை. அதில் ஒன்றில், "மூணாவதும் பையன், தர்மபுரத்திலேயே பிறந்தான், அண்ணனிடம் சொல்லவும்" என்று இருக்கிறது. தபால் முத்திரையில் தேதியும் ஊரும் படிக்கிற அளவுக்கு விழுந்திருந்தன. வக்கீலம்மாவுக்கு இதைக் காட்டியதும் குரலே மாறிவிட்டது. சொந்தக்காரர் இன்று எழுதித் தரும் பிரமாணப் பத்திரத்தை வழக்குக்காகச் செய்தது என்று தள்ளிவிடலாம். நாற்பது வருஷத்துக்கு முந்திய முத்திரையை அப்படித் தள்ள முடியாது.

ஆனாலும் பிரமாணப் பத்திரமும் வேண்டும். கூடலூரில் நோட்டரியிடம் போட்டேன். ஒவ்வொரு கடிதத்தையும் முன்பக்கம், பின்பக்கம், உறை மடிப்பு என்று கலரில் ஸ்கேன் செய்யுங்கள். முத்திரை தெரியாத நகலுக்கு மதிப்பில்லை. மொழிபெயர்ப்பவர் தன் பெயர், தகுதியோடு உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூலத்தைக் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். அப்பா விடவே மாட்டேன் என்றார். கடைசியில் அந்த ஒரு கடிதத்தை மட்டும் கொடுத்தார். அத்தையின் பிரஜாவுரிமைச் சான்று நகலையும் மச்சானின் பிறப்புப் பதிவையும் கிளிநொச்சியிலிருந்து அவன் அக்கா எடுத்து அனுப்பினாள்.

இந்தியாதானே, வந்துவிடட்டுமே என்று இங்கே சிலர் சொன்னார்கள். அகதியை ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிற 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. இங்கே இறக்கிவிட்டால் அவன் கடவுச்சீட்டில்லாத அயல்நாட்டான். அடுத்து கொழும்புக்கு ஏற்றிவிட்டால் தடுக்க அவன் கையில் என்ன இருக்கும்?

வீடியோவில் என்னையும் விசாரித்தார்கள். சிக்னலுக்காகக் கூடலூரில் நண்பர் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். அத்தைக்கு எத்தனை பிள்ளைகள், எப்போது கடைசியாகப் பார்த்தீர்கள் என்றார்கள். பார்த்ததே இல்லை, அப்பாவும் கப்பலேறிய பிறகு பார்க்கவில்லை என்றேன். நீதிபதி சற்று நேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

இலங்கைப் பிரஜைதான் என்று தீர்ப்பில் ஏற்றுக்கொண்டார்கள். இந்தியாவுக்கு அனுப்பும் உத்தரவு ரத்தானது. திரும்பினால் அவனுக்கு ஆபத்து உண்டா என்பதைப் புதிதாக வேறு அதிகாரி, வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்து விசாரிக்க வேண்டும். உடம்பில் உள்ள தழும்புகளுக்கு மருத்துவ அறிக்கை அங்கேயே எடுக்கிறான். அப்பா கொடுத்த கடிதம் இன்னும் நீதிமன்றக் கோப்பில்தான் இருக்கிறது. திரும்பக் கேட்டு எழுதியிருக்கிறோம்.