ஒரே தொட்டியில் ஊறும் காப்பி

சிறு விவசாயிகள் சேர்ந்து காப்பி பதப்படுத்தும்போது, ஒருவரின் இரண்டு கூடை கெட்ட பழம் எல்லோருடைய தொட்டியையும் கெடுத்துவிடும். அதனால் கொள்முதல் இடத்திலேயே பழத்தைத் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பவை பூச்சி துளைத்தவை, பருப்பு நிரம்பாதவை. அவற்றையும் பச்சைக்காயையும் ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் எடைபோட வேண்டும். இதில் உறவு பார்க்கவே கூடாது.

பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். தோல் நீக்கும் இயந்திரமான பல்ப்பரின் இடைவெளி குறுகினால் கொட்டை நசுங்கும். பிறகு கொட்டையின் மேல் ஒட்டிய வழவழப்பு கழன்றுவர, தொட்டியில் நொதிக்க விட வேண்டும். நொதித்தல் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரம், குளிரில் நீளும். கடிகாரத்தைவிடக் கையை நம்புங்கள்: ஒரு பிடி கழுவித் தேய்த்தால் வழவழப்பு போய்ச் சரசரக்க வேண்டும். அதைத் தாண்டினால் வரும் புளித்த வாடை வறுத்தாலும் போகாது.

கழுவிய கொட்டையை வலைமேடையில் 3 முதல் 4 செ.மீ. கனத்தில் பரப்பி, அடிக்கடி கிளறி, இரவில் மூடிவைத்து, ஈரப்பதம் 10–12 சதவீதத்துக்கு வரும்வரை காயவிடுங்கள். அதற்கு மேல் ஈரம் இருந்தால் மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். ஈரமானி ஒன்றைப் பொதுவில் வாங்குவது நல்ல செலவு.

விலையில் சிக்கல் வருவது குழுவிடம் கைப்பணம் இல்லாததால்தான். பழம் கொடுத்த அன்று முன்பணம் கிடைக்காவிட்டால் உறுப்பினர் இடைத்தரகரிடம் போய்விடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. ஏறக்குறைய 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ காய்ந்த பருப்பு கிடைக்கும். இந்தக் கணக்கு, விற்ற விலை, பிடித்தம், பாக்கித்தொகை எல்லாவற்றையும் பலகையில் எழுதி வையுங்கள்.