எலி கடித்த மெத்தையும் குத்தகைப் பாக்கியும்

நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பழைய கடிதம் எதை எடுத்தாலும், பணம் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்றுதான் கண் முதலில் தேடும். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரின் கிளேடன் பண்ணையை ஆண்ட வெர்னி குடும்பத்தின் கடிதங்களையும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். மேரி வெர்னி எழுதியவற்றுக்கு வந்ததும் கணக்கு மறந்துபோனது.

சுருக்கமாகப் பின்னணி. அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில், 1642இல் எட்ஜ்ஹில் என்ற இடத்தில், சர் எட்மண்ட் வெர்னி அரசருடைய கொடியை ஏந்தி நின்று இறந்தார். மூத்த மகனும் மேரியின் கணவருமான ரால்ஃபோ நாடாளுமன்றத்தின் பக்கம். ஆனால் மறு வருடம் அங்கே கேட்ட மத உறுதிமொழியில் கையெழுத்துப் போட மனம் ஒப்பாமல் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார். உறுப்பினர் பதவி பறிபோனது, நிலமும் ஜப்தியானது. அப்பா வைத்துவிட்டுப் போன கடன், தங்கைகளுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு, எல்லாம் அந்த நிலத்தின் வருமானத்தை நம்பித்தான் இருந்தன.

ரால்ஃப் ஊருக்கு வர முடியாது. வில் ரோட்ஸ் என்ற காரியஸ்தர் கிளேடனில் இருந்து குத்தகை வசூலைப் பார்த்துக்கொண்டார். போர் வரியும், வீட்டில் வந்து தங்கும் சிப்பாய்களுக்குப் போடும் சோறும் போக, குத்தகைக்காரர்கள் கையில் என்ன மிஞ்சும்? பாக்கி ஏறிக்கொண்டே போனது.

அப்போது ரால்ஃபின் தாய்மாமன், லண்டன் மருத்துவர் வில்லியம் டென்டன், ஒரு யோசனை எழுதினார். இந்தக் காலத்தில் பெண்கள் போய்க் கேட்டால்தான் காரியம் நடக்கும், மேரியை அனுப்பு. கல்நெஞ்சைக் கரைக்க அவள் கொஞ்சம் வெங்காயச் சாற்றையும் பயன்படுத்தலாம் என்றும் கடிதத்தில் வருகிறது. 1646 கடைசியில், வயிற்றில் பிள்ளையோடு மேரி கிளம்பினார். கணவரையும் மகன் மன்னையும் மகள் பெக்கையும் பிரான்சில், புளுவா நகரத்தில் விட்டுவிட்டு.

அதற்கப்புறம் வாராவாரம் கடிதம்தான். ஜப்தி விவகாரத்தைப் பார்த்த லண்டன் குழுவில் யாரைப் பார்த்தேன், யார் கைவிரித்தார்கள் என்று எழுதுகிறார். ரால்ஃப் ஊரில் இல்லாததைத் தவிர ஜப்திக்கு வேறு காரணம் கிடையாது என்று மாவட்டக் குழுவிடம் சான்று வாங்க வேண்டியிருந்தது. ரால்ஃப் பிரான்சிலிருந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். ஒரு கேள்வி போய்ப் பதில் வருவதற்குள் இங்கே நிலைமையே மாறியிருக்கும். பல முடிவுகளை மேரி தானே எடுத்தார். பண்ணையை உண்மையில் நடத்தியது அவர்தான் என்பது என் கருத்து.

1647இல் கிளேடன் வீட்டிலிருந்து எழுதிய கடிதங்களை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். துணிமணியெல்லாம் நைந்துவிட்டது. சுவருக்குள் வைத்து அடைத்திருந்த இறகு மெத்தைகளை எலி கடித்துவிட்டது. சாப்பாட்டு அறை நாற்காலிகளின் துணி கந்தல். வீட்டில் விட்டுப்போயிருந்த சின்ன மகன் ஜாக்கின் கால்கள் கோணலாகிக் கிடக்கின்றன. புதுக் குழந்தைக்குப் பால் கொடுக்க ஊரிலேயே ஒரு தாதி கிடைத்திருக்கிறாள். வாரம் 4 ஷில்லிங், அதோடு 2 வண்டி விறகு. ஆள் பார்க்க அழுக்காகத்தான் இருக்கிறாள், ஆனால் அவளுடைய பிள்ளைகள் இரண்டும் நன்றாக வளர்ந்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார். ஒரு தாய் ஆள் பார்த்து வைக்கிற விதம் இது. செலவுக் கணக்கும் பிள்ளைக் கவலையும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரியாக வருகின்றன.

அந்தக் குழந்தைக்கு ரால்ஃப் என்றே பெயர் வைத்திருந்தார். சில மாதங்களில் அது இறந்தது. ஏறக்குறைய அதே சமயத்தில் புளுவாவில் பெக்கும் இறந்தாள். அந்தச் செய்தியை மேரிக்கு நேராக எழுத ரால்ஃபுக்குக் கை வரவில்லை. டென்டன் மாமாவுக்குத்தான் எழுதினார்.

இவ்வளவுக்கும் நடுவில் மேரி மனு கொடுப்பதை நிறுத்தவில்லை. 1648 ஜனவரியில் ஜப்தி நீங்கியது. கணவரிடம் திரும்பிப் போனவர் 1650இல் புளுவாவிலேயே இறந்தார். அவர் மீட்டுக் கொடுத்த நிலத்துக்கு ரால்ஃப் 1653இல்தான் வந்து சேர்ந்தார்.

ரால்ஃப் எந்தத் தாளையும் தூக்கிப் போடாத மனிதர். தான் எழுதியவற்றின் வரைவுகளைக்கூடப் பத்திரப்படுத்தினார். அதனால் இருவர் பேச்சும் நமக்குக் கேட்கிறது. கிளேடன் வீட்டில் 30,000க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருந்தன. பின்னாளில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பார்த்தனோப்பி, ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் அக்கா, இவற்றைத் தொகுத்து எழுத ஆரம்பித்தார். படிக்க நினைப்பவர்கள் போரையும் அரசியலையும் தள்ளி வைத்துவிட்டு, 1647ஆம் வருடக் கடிதங்களிலிருந்து தொடங்குங்கள்.