அம்மாவுக்குக் கைரேகை விழவில்லை, தங்கச்சிக்கு ஃபீஸ் கட்ட முடியவில்லை

தங்கச்சிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டி ரசீது வாங்கி நாலு நாள்தான் ஆகிறது, இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஆன்லைனில் நிதி திரட்டிப் படிக்க வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இறங்குங்கள். 19 நாளில் 1,32,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. அந்தப் பணம் எங்கள் கைக்கு வரத்தான் இன்னொரு 17 நாள் ஆனது.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் தனியார் கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைத்தது. 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அரசே ஃபீஸ் கட்டும், ஆனால் அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. நம்ம பாளையங்கோட்டை, திருநெல்வேலிப் பக்கம் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். முதல் பட்டதாரி சலுகையும் இல்லை, ஏனென்றால் வீட்டில் முதல் பட்டதாரி நான். அந்தச் சான்றிதழை வைத்துத்தான் நான் படித்தேன், அதனாலேயே அவளுக்குக் கிடைக்காது என்று தெரிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கல்விக் கடனுக்கும் போட்டோம், 4 லட்சம் வரை பிணை கேட்க மாட்டார்கள், ஆனால் ஃபீஸ் தேதிக்குள் வருகிற மாதிரி தெரியவில்லை.

ஆன்லைனில் நிதி திரட்டும் பக்கம் தொடங்குவது சுலபம். அட்மிஷன் கடிதம், ஃபீஸ் விவரம், மார்க் ஷீட், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பணம் போடுகிறவர்களிடம் 'டிப்' என்று ஒரு சதவீதத்தை முன்கூட்டியே டிக் செய்து வைத்திருந்தார்கள். என் நண்பன் ஆயிரம் போடப் போய் அதற்கு மேலேயும் போய்விட்டது. லிங்க் அனுப்பும்போதே 'டிப்பை எடுத்துவிட்டுப் போடுங்கள்' என்று சொல்லிவிடுங்கள்.

தங்கச்சிக்கு 17 வயது, அதனால் பெற்றோர் கணக்கு கேட்டார்கள். அப்பா இல்லை. அம்மா கணக்கைக் கொடுத்தேன், தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. அது எப்போதோ முகாம் போட்டுத் திறந்து கொடுத்த சின்னக் கணக்கு. அதில் வருஷத்துக்கு 1 லட்சத்துக்கு மேல் வரவு ஏறாது, இருப்பும் 50,000 தாண்டக் கூடாது. பணம் வந்த வேகத்தில் திரும்பிப் போனது. போதாததற்கு ஆதாரில் அம்மா பெயரோடு 'அம்மாள்' இருக்கிறது, பாஸ்புக்கில் இல்லை.

வங்கியில் கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு, முடித்தால் சாதாரணக் கணக்காகிவிடும் என்றார்கள். சரி, அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். அம்மா 25 வருஷமாக பீடி சுற்றுகிறாள். இலையும் தூளும் பட்டு இரண்டு கை விரல் நுனியும் வழுவழுவென்று ஆகிவிட்டது. மெஷினில் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள், ஒன்றும் விழவில்லை. ஈரத்துணியில் துடைத்து, சேலையில் தேய்த்து, மறுபடியும் வைத்தாள். "எய்யா, இந்தக் கையில ரேகை எங்க இருக்கு" என்று என்னைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கவுன்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆதார்ல போய் அப்டேட் பண்ணிட்டு வாங்க" என்றார். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி ஆதார் மையத்துக்குப் போனோம், காலை ஏழு மணிக்கே டோக்கன். அங்கேயும் விழவில்லை. "ஒரு வாரம் பீடி சுத்தாம இருந்துட்டு வாங்கம்மா" என்றான் அந்தப் பையன். ஒரு வாரம் கூலி போனது. தினமும் ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தாள். திரும்பப் போனோம், அப்போதும் விழவில்லை. ஃபீஸுக்கு இன்னும் ஆறு நாள்.

கடைசியில் வங்கிக்கே போய் நேராக மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, அம்மாட்ட ஓட்டர் ஐடி இருக்குல்லா? பிறகு எதுக்கு கைரேகை?" வாக்காளர் அட்டை நகல், பான் இல்லாததால் படிவம் 60, ஒரு போட்டோ. அதே விண்ணப்பத்தில் பெயரையும் திருத்திக்கொண்டார். மூன்றாம் நாள் பணம் ஏறிவிட்டது. இதைக் கவுன்டரில் முதல் நாளே சொல்லியிருந்தால் அம்மாவுக்கு ஒரு வாரக் கூலி மிஞ்சியிருக்கும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் பக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே கணக்கு என்ன வகை என்று கேளுங்கள், ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக்கு மொத்தத் தொகையும் வருமானமாகக் கணக்காகும், யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியலைப் பத்திரமாக வையுங்கள். பணம் போடுகிறேன், க்யூஆர் ஸ்கேன் செய்து யுபிஐ பின் நம்பரைப் போடு என்று எனக்கு இரண்டு பேர் போன் செய்தார்கள். நமக்குப் பணம் வர யுபிஐ பின் நம்பரே தேவையில்லை, உடனே போனை வைத்துவிடுங்கள். வீட்டில் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் தேசிய உதவித்தொகை இணையதளத்திலும் விண்ணப்பியுங்கள், நாங்கள் இப்போதுதான் போட்டிருக்கிறோம்.

ரசீதைப் போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அம்மாவோடு பீடிக் கடைக்கு வருகிற அக்காமார் 11 பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கையில் கொடுத்திருந்தார்கள், அதில் பாதிப் பேரிடம் வாட்ஸ்அப் கிடையாது. அவர்களுக்குக் காட்டவென்று பிரிண்ட் எடுத்து, மடித்து, பீடித் தட்டுக்கு அடியில் வைத்து அம்மா நேற்று கொண்டுபோனாள்.