சென்னை மொட்டைமாடியில் ஒரு சதுப்புத் தொட்டி

பூச்சி தின்னும் செடி வளர்க்கிறேன் என்று சொன்னதும் பாதிப் பேர் கேட்பது, "தொட்டா டக்குனு வாயை மூடுமே, அதுவா?" என்றுதான். அது வீனஸ் ஃபிளைட்ராப். என்னிடம் அது இல்லை, சென்னையில் இருக்கிறவரை வாங்கப்போவதும் இல்லை. வீடியோ பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் அதைத்தான் வாங்குகிறார்கள், கொஞ்ச நாளில் கறுத்துப்போனதும் "இதெல்லாம் நம்ம வெயிலுக்கு ஆகாதுங்க" என்று பூச்சி தின்னும் செடி மொத்தத்தையுமே கைகழுவி விடுகிறார்கள். இத்தனைக்கும் நம் வெயிலை ஒரு பொருட்டாகவே மதிக்காத பூச்சி தின்னிகள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் சில நம் நாட்டு ஈர நிலங்களில் தானாக முளைத்துக் கிடப்பவை.

ஃபிளைட்ராப் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே ஒரே இடத்தில். அமெரிக்காவின் வட கரோலினா, தென் கரோலினா கடலோரச் சதுப்புகளில், வில்மிங்டன் என்ற ஊரைச் சுற்றி ஏறத்தாழ 160 கிலோமீட்டருக்குள். அங்கேயும் கோடையில் வெக்கை உண்டு, புழுக்கம் உண்டு. ஆனால் குளிர்காலமும் உண்டு. மூன்று நான்கு மாதம் செடி இலைகளைக் குறுக்கிக்கொண்டு தூங்கும், வசந்தத்தில் திரும்பக் கிளம்பும். சென்னையில் ஜனவரி ராத்திரியே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தூக்கமே இல்லாமல் வளர்ந்து வளர்ந்து செடி தேய்ந்துபோகிறது. சிலர் பிடுங்கிச் சுத்தம் செய்து ஃபிரிட்ஜில் வைத்துத் தூங்கப்பண்ணுகிறார்கள். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மாவுப் பாத்திரத்துக்கே இடம் இல்லை. ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்கு அது அருமையாக வளரும். அப்புறம், நீலக் கலரில் வாய் திறந்திருக்கும் படத்தைப் போட்டு ஆன்லைனில் விற்கிற ஃபிளைட்ராப் விதைகளை யாரும் வாங்காதீர்கள். அப்படி ஒரு நீலச் செடியே கிடையாது. நிஜ விதையாகவே இருந்தாலும் அது முளைத்து முழுச் செடியாக மூன்று நான்கு வருஷம் ஆகும்.

சரி, சென்னைக்கு எது? என் முதல் ஓட்டு டிரோசெரா பர்மானிக்கு. நம் ஊரில் அழுகண்ணி என்று சொல்கிற வகையில் ஒன்று. ஒரு ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிய, தரையோடு படிந்த சின்ன வட்டம். ஒவ்வொரு இலையும் சுண்டுவிரல் நகம் அளவுதான். நல்ல வெயிலில் இருந்தால் முழுக்கச் சிவந்துவிடும், நிழலில் வைத்தால் பச்சையாகவே இருக்கும். இலை முழுவதும் முடிகள், ஒவ்வொரு முடியின் நுனியிலும் பிசினாக ஒரு சொட்டு. காலையில் மாடிக்குப் போய் முட்டி போட்டு, முகத்தைத் தொட்டிக்கு ஒரு ஜாண் தூரத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குட்டிக் கொசுவோ பழ ஈயோ வந்து இலை ஓரத்தில் உட்காரும். கால் ஒட்டிக்கொண்டதும் உதறும். அது உதற உதற, விளிம்பில் இருக்கிற நீள முடிகள் உள்பக்கமாக மடிந்து அதை இலையின் நடுவுக்குத் தள்ளும். மற்ற அழுகண்ணிகள் பலவற்றில் இதற்கு நிமிஷக்கணக்கில் ஆகும், மணிக்கணக்கில்கூட ஆகும். பர்மானிக்குச் சில நொடிகள் போதும், கண் முன்னாலேயே நடக்கும். ஃபிளைட்ராப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் அதை மறந்துவிடுவார்கள்.

கூடவே டிரோசெரா இண்டிகா போடலாம். இது நிமிர்ந்து வளரும், நூல் மாதிரி நீள இலை, இளஞ்சிவப்பில் பூக்கும். இரண்டுமே ஒரு பருவத்துச் செடிகள், பூத்துக் காய்த்து விதை கொட்டிவிட்டுக் காய்ந்துவிடும். அது நோய் இல்லை, பயப்படாதீர்கள், அந்தத் தொட்டியிலேயே அடுத்த தலைமுறை முளைக்கும். ஆஸ்திரேலியாவின் பிப்ளிஸ் என்ற பிசின் இலைச் செடி வகைகளும் நம் வெயிலுக்குச் சரிப்படும். தென்னாப்பிரிக்க டிரோசெரா கேப்பென்சிஸ் எல்லா நாட்டுக்காரர்களும் சுலபம் என்று சொல்கிற செடி, சென்னை மே மாதத்தில் மட்டும் அது தலையைத் தொங்கப்போட்டுவிடும்.

யூட்ரிகுலேரியா என்ற இன்னொரு பூச்சி தின்னியை நிறையப் பேர் கண்டுகொள்வதே இல்லை, ஏனென்றால் மேலே பார்த்தால் வெறும் புல்லும் குட்டிக் குட்டிப் பூவும்தான். வேட்டை எல்லாம் மண்ணுக்குள். வேர் மாதிரி ஓடுகிற தண்டில் மிளகில் பாதிகூட இல்லாத பைகள் தொங்கும். பைக்குள்ளே இருக்கிற தண்ணீரைச் செடி வெளியேற்றி உள்ளே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். வாசலில் இருக்கிற முடியை ஏதாவது நுண்ணுயிர் தொட்டால் கதவு திறந்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்து, மறுபடி மூடிக்கொள்ளும். எல்லாம் சில மில்லிநொடிகளுக்குள். நாம் பார்க்கவே முடியாது, ஆனால் என் தொட்டியில் இதுதான் பெரிய வேட்டைக்காரன் என்று நினைக்கிறேன். இதைத் தேடி ரொம்ப அலைய வேண்டாம். மீன் தொட்டியில் தரைப்பச்சையாக விரிக்க யூட்ரிகுலேரியா கிராமினிஃபோலியா விற்பார்கள், கொளத்தூர்ப் பக்கம் செடி வைத்திருக்கிற அக்வேரியம் கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதை ஈரமான பீட்டில், அதாவது சதுப்பில் மட்கிய பாசியில், நட்டால் மண்ணிலேயே படரும்.

நர்சரிகளில் தொங்குகிற குடுவைச் செடியை, அதாவது நெப்பந்தஸை, இந்தத் தொட்டியில் நடாதீர்கள். அதன் வேருக்குக் காற்றோட்டம் வேண்டும், சதுப்பில் அழுகிவிடும். தனியாகத் தொங்கவிடுங்கள். மேகாலயாவில் இருக்கிற நெப்பந்தஸ் காசியானாதான் இந்தியாவின் ஒரே நெப்பந்தஸ், அதைக் காட்டிலிருந்து எடுப்பதும் விற்பதும் சட்ட விரோதம், கடையில் வாங்குவது கலப்பினமா என்று கேட்டு வாங்குங்கள். அதேபோல ஊட்டிக்கோ கொல்லிமலைக்கோ போனால் அழுகண்ணியைப் பார்த்ததும் தோண்டி எடுத்துக்கொண்டு வராதீர்கள். மலையில் பிழைக்கிற செடி மாடியில் பிழைக்காது.

இந்தச் செடிகள் ஏன் பூச்சி தின்கின்றன என்பது புரிந்தால் வளர்ப்பில் முக்கால்வாசி புரிந்த மாதிரி. புளிப்பான, தண்ணீர் ஊறிய, சத்தே இல்லாத மண்ணில் வளர்கிறவை இவை. வேரிலிருந்து கிடைக்காத நைட்ரஜனும் பாஸ்பரஸும் பூச்சியிலிருந்து வருகின்றன. டார்வின் அழுகண்ணி இலைகளில் இறைச்சி, முட்டை வெள்ளைக்கரு என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். தீனி போட்ட செடி போடாததைவிட அதிக விதை வைக்கும் என்று அவர் மகன் பிரான்சிஸ் 1878-ல் காட்டினார். தீனி நல்லதுதான், ஆனால் வாய் வழியாக. வேர் வழியாகச் சத்து போனால் இவற்றுக்கு விஷம். மாடித்தோட்டக்காரர்களுக்கு இதுதான் ஜீரணிக்கக் கஷ்டம். மண்புழு உரம், மீன் அமிலம், பஞ்சகவ்யா, வேப்பம்புண்ணாக்கு எதுவும் கூடாது, தோட்டத்து மண்ணும் கூடாது. பக்கத்துக் கத்திரிக்குப் பூச்சி மருந்து அடிக்கும்போது இந்தத் தொட்டிக்கு மேல் ஒரு கோணியைப் போட்டு மூடிவிடுங்கள். தீனியை நாம் தேடிக் கொண்டுவந்து போடவும் வேண்டாம், மாடியில் சுற்றுகிற கொசுவும் ஈயும் தாராளமாகப் போதும்.

எதிர் வீட்டு மாமி துணி காயப்போட வந்தபோது எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இவ்ளோ பெரிய தொட்டில ஒரு வெண்டைக்காயாவது காய்க்குமா?" என்றார். "காய்க்காது மாமி, கொசு பிடிக்கும்" என்றேன். "எங்காத்துக்கு ஒண்ணு குடு" என்று உடனே சொல்லிவிட்டார். ஒரு வீட்டுக் கொசுவை ஒழிக்கிற அளவுக்கெல்லாம் பிடிக்காது என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

தொட்டிக்கு மீன் மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வருகிற தெர்மோகோல் பெட்டியை விடச் சிறந்தது எதுவும் இல்லை. மே மாத மாடித் தரையின் சூட்டை அது வேருக்கு விடாது. மீன் வாடையும் உப்பும் போக நன்றாகக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். வெயிலில் தெர்மோகோல் பொடிந்து உதிரும் என்பதால் வெளிப்பக்கம் கோணி சுற்றி, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஓட்டை அடியில் போடக்கூடாது. மண் மட்டத்திலிருந்து நான்கு விரற்கடை கீழே, பக்கவாட்டில் போட வேண்டும். அப்போதுதான் கீழே எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும், ஐப்பசி அடைமழையில் மேலே ஏறுகிறது மட்டும் வழிந்து போய்விடும். ஒரு மூலையில் ஒரு முழ நீள பிவிசி குழாயை நட்டமாக நிறுத்திவிடுங்கள். அது வழியாகத் தண்ணீர் ஊற்றினால் செடி மேல் படாமல் கீழிருந்து ஏறும், உள்ளே குச்சி விட்டுப் பார்த்தால் மட்டமும் தெரியும். குழாய் வாயை வலைத்துணியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு அதிலேயே குடும்பம் நடத்தும். கொசு மருந்து அடிக்க வருகிறவர்களிடம் பூச்சி தின்னும் செடி என்று விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது.

உள்ளே நிரப்ப பீட் மாஸும் கழுவிய சிலிக்கா மணலும் பாதிக்குப் பாதி. மணலுக்குப் பதில் பெர்லைட் என்ற வெள்ளை எரிமலைக் கல் பொரியும் போடலாம். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பும் கிளிஞ்சலும் கலந்தது. பீட் மூட்டை வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். நாற்று போடுவதற்காக விற்கிறதில் சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, உரமும் கலந்திருப்பார்கள். அது ஆகாது. எதுவும் சேர்க்காத பீட் என்று கேளுங்கள். தேங்காய் நார்த்தூளான கோகோபீட்டில் ஆகாதா என்றால், ஆகும், ஆனால் அதில் உப்பும் பொட்டாசியமும் இருக்கும், ஊறவைத்துப் பிழிந்து ஊறவைத்துப் பிழிந்து, வெளியே வருகிற தண்ணீரை அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காய்ந்த பீட் தண்ணீரை உள்ளே விடாது, மேலேயே மிதக்கும். வெந்நீர் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் கையால் பிசைய வேண்டும். டிகாஷன் மாதிரி ஒரு தண்ணீர் இறங்கும், அது அப்படித்தான்.

இப்போது தண்ணீர். சென்னையில் இந்தச் செடிகளைச் சாகடிப்பது வெயில் இல்லை, தண்ணீர்தான். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இரண்டடி நீளத் தொட்டியில் கோடையில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு 135 லிட்டர். 1,200 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 1,200 மில்லிகிராம் உப்பு கரைந்த போர் தண்ணீரை ஊற்றினால் அந்த மூன்று மாதத்தில் 162 கிராம் உப்பு அந்தச் சின்னத் தொட்டிக்குள் சேர்ந்திருக்கும். 30 பிபிஎம் தண்ணீர் என்றால் நாலு கிராம். தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் முந்நூறு நானூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, செடி வாங்குவதற்கு முன்னால் அதை வாங்குங்கள். 50-க்குக் கீழே இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றலாம். வீட்டு ஆர்ஓ தண்ணீர் என்று நம்பி ஊற்றாதீர்கள். ருசிக்காக மினரல் கலந்துவிடுகிற மெஷின்கள் இருக்கின்றன, அளந்து பார்த்தால் 80, 100 காட்டும். கேன் தண்ணீரும் இதே கதைதான்.

மழைநீருக்கு ஈடு இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய பிறகு பல வீடுகளில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் இருக்கிறது, ஆனால் சிமெண்ட் தளத்தில் ஓடி வருகிற தண்ணீர் சுண்ணாம்பையும் காக்கை எச்சத்தையும் சேர்த்துக்கொண்டுதான் வரும். நான்கு மூலையில் ஒரு தார்ப்பாயைக் கட்டிப் பிடிப்பது மேல். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். நான்கு சதுர மீட்டர் தார்ப்பாயில் 50 மில்லிமீட்டர் பெய்கிற ஒரே ராத்திரியில் 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும், வடகிழக்குப் பருவமழையில் அப்படி ராத்திரிகளுக்குப் பஞ்சமே இல்லை. முதல் கால் மணி நேரத் தண்ணீரை விட்டுவிட்டுப் பிடியுங்கள். டிரம் தீர்ந்துபோகிற கோடையில் ஏசி இருக்கவே இருக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி ஓடினால் சொட்டு சொட்டாகப் பாதி வாளிக்கு மேல் தேறும். மீட்டரில் பெரும்பாலும் 20, 30-தான் காட்டும். ஏசியை மருந்து போட்டுக் கழுவிய முதல் இரண்டு மூன்று நாள் தண்ணீரை மட்டும் பிடிக்காதீர்கள்.

மற்றபடி பெரிய வேலை இல்லை. அக்னி நட்சத்திர நாட்களில் மத்தியான வெயிலுக்கு 35 சதவீத நிழல்வலை போதும், மற்ற மாதங்களில் நேர் வெயில்தான் வேண்டும். காக்காய் மட்டும் தொல்லை. பாசியைக் கொத்திப் பிய்த்துப் போட்டுவிட்டு, அதோடு குட்டிச் செடிகளையும் கவிழ்த்துவிடும். தொட்டி மேல் கோழிக்கம்பி வலையை வளைத்து வைத்தால் பூச்சி உள்ளே போகும், காக்காய் போகாது.

விதை தூவ ஆவணி, புரட்டாசி நல்ல நேரம், உச்ச வெயில் தணிந்து மழை வருவதற்கு முன்னால். பர்மானி விதை கறுப்புத் தூசி மாதிரி இருக்கும். ஒரு வெள்ளைத் தாளை மடித்து, அதில் கொட்டி, விரலால் தட்டித் தட்டி ஈரப் பீட் மேல் விழவிடுங்கள். மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். மேலிருந்து தண்ணீர் தெளிக்காமல் குழாய் வழியாகவே ஊற்றுங்கள், இல்லையென்றால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அடைமழை ஆரம்பிப்பதற்குள் முளைத்து வேர் பிடித்துவிட வேண்டும். அதுவரை பெரிய மழை வரும்போல இருந்தால் தொட்டிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சாய்வாகக் கட்டிவிடுங்கள்.